டெக்சாஸின் ஷூலன்பர்க்கில் குடியிருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் மக்களும் ஜெர்மானியர்களும் உருவாக்கிய சின்ன ஊரில் இருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் ஐரோப்பா என்றே நினைக்கிறார்கள். அமெரிக்காவில், அதுவும் டெக்சாஸில் என்றதும் கேள்விகள் தொடங்கிவிடும். உறவினர்களும், ஹூஸ்டன் பக்கத்து நண்பர்களும், இங்கே குடிவர யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஊர் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோவுக்குப் போகும் 10-ஆம் எண் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் காரில் ஒன்றரை மணி நேரம். மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. 1873-இன் கடைசியில் ரயில் பாதை வந்தபோது பிறந்த ஊர் இது. பாதைக்கு நிலம் கொடுத்த லூயிஸ் ஷூலன்பர்க்கின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். அதற்கு முன் இந்தப் பக்கத்தில் செழிப்பாக இருந்தது ஹை ஹில். ரயில் அந்த ஊரை விட்டு விலகிப் போனதால் கடைகளும் குடும்பங்களும் மெல்ல இங்கே நகர்ந்துவிட்டன.

ஷூலன்பர்க்கை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. வைமர், ஃபிளடோனியா, லா கிரேஞ்ச், ஷைனர், ஹாலெட்ஸ்வில் எல்லாமே அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்கள். இடையில் பிராஹா, டுபினா, அம்மன்ஸ்வில் என்று ஒரு தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் நாலைந்து வீடுகளுமாக இருக்கும் சிற்றூர்கள். எல்லாம் சேர்ந்ததுதான் எங்கள் பகுதி. ஒரு ஊரில் வீடு, இன்னொன்றில் பூசை, வேறொன்றில் இறைச்சிக் கடை என்று வாழ்பவர்கள்தான் அதிகம்.

இவர்கள் எப்படி இவ்வளவு தூரம் வந்தார்கள்?

கடிதங்கள் வழியாக. ஃபிரெடரிக் எர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1831-இல் இங்கிருந்து கிழக்கே நிலம் வாங்கிக் குடியேறினார். இப்போது அந்த இடத்துக்கு இண்டஸ்ட்ரி என்று பெயர். அவர் தன் சொந்த ஊர்ப்பக்கம் எழுதிய கடிதம் ஓல்டன்பர்க் பத்திரிகையில் வெளியாகி, அதைப் படித்துக் கிளம்பியவர்கள் பலர். செக் மக்களுக்கு அதே வேலையைச் செய்தவர் யோசெஃப் பெர்க்மன் என்ற புராட்டஸ்டன்ட் போதகர். 1850-ஐ ஒட்டி கேட் ஸ்பிரிங் என்ற ஜெர்மானியக் குடியேற்றத்திலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. ஜெர்மானியர்கள் நடுவே உட்கார்ந்து ஒரு செக் போதகர் எழுதிய கடிதம் என்பதால், இரண்டு சமூகங்களும் தொடக்கத்திலேயே பின்னிக்கொண்டன என்று சொல்லலாம்.

அங்கே ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சி. கட்டாய ராணுவ சேவை ஒரு பக்கம், தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக்கொண்டே போகும் நிலம் இன்னொரு பக்கம். இங்கே நிலம் மலிவு என்ற ஒரு செய்தி போதுமானதாக இருந்தது. ஆனால் பயணம் கொடுமையானது. 1851-இல் யோசெஃப் ஷிலார் அழைத்து வந்த முதல் செக் கூட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. அதைக் கேட்ட பிறகும் அடுத்த கூட்டம் 1853-இல் கிளம்பியது. டுபினாவில் மொராவியக் குடும்பங்கள் வந்து இறங்கியது 1856-இல்.

செக் மக்களும் ஜெர்மானியர்களும் ஒற்றுமையாக இருந்தார்களா?

பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள், தனித்தனியாக இருந்தார்கள். ஹை ஹில் கோயில் ஜெர்மன் பேசியவர்களுடையது. சில மைல் தள்ளி டுபினா கோயில் செக் மக்களுடையது. இரண்டும் கத்தோலிக்கம்தான். ஆனால் பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனம் சொந்த மொழியில் சொல்லத்தான் யாருக்கும் வரும், இல்லையா? ஜெர்மானியர்களில் லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் ஏராளம். செக் மக்களில் சகோதர சபை என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவினரும் இருந்தார்கள், மதமே வேண்டாம் என்ற சுதந்திரச் சிந்தனையாளர்களும் இருந்தார்கள்.

சங்கங்களும் அப்படியே பிரிந்தன. செக் கத்தோலிக்கர்கள் 1889-இல் கே.ஜே.டி. என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். மதச் சார்பு இல்லாமல் எஸ்.பி.ஜே.எஸ்.டி. என்ற சங்கம் 1897-இல் லா கிரேஞ்சில் உருவானது. வீட்டுத் தலைவர் இறந்தால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்த பணம்தான் இவற்றின் அடிப்படை. இரண்டும் இன்றும் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களாக நடக்கின்றன. அவை கட்டிய நடன மண்டபங்களும் இன்னும் நிற்கின்றன.

முதல் உலகப் போர்தான் இரு தரப்பையும் வேறு வேறு மாதிரி அடித்தது. செக் மக்களுக்குத் தங்கள் நாடு விடுதலை பெறும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஜெர்மானியர்கள் சந்தேகக் கண்ணுக்கு ஆளானார்கள். 1918-இல் பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. அதன் பிறகு பல வீடுகளில் ஜெர்மன் மெல்ல அடங்கிப்போனது. கலப்புத் திருமணங்கள் பெருகி, இன்று ஊரில் பாதிப் பேருக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி இன்னொன்று.

அந்த மொழிகளை இப்போது யாராவது பேசுகிறார்களா?

மிகவும் வயதானவர்கள் சிலர் பேசுகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லவும், பாட்டின் வரிகளைப் பாடவும், சாப்பாட்டுப் பெயர்கள் சொல்லவும் தெரியும், அவ்வளவுதான். இங்கே பேசப்பட்ட செக், பிராக் நகரத்துச் செக் அல்ல. பெரும்பாலோர் மொராவியக் கிராமங்களிலிருந்து வந்ததால் அந்த வட்டார வழக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தபடியே இங்கே தங்கிவிட்டது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் இரண்டு மொழிகளின் பேச்சையும் பதிவு செய்து வருகிறது. டெக்சாஸ் ஜெர்மன் பதிவு 2001-இல் தொடங்கியது.

ஆங்கிலத்துக்கு மாறியதை வெளியிலிருந்து வந்த நெருக்கடி என்று மட்டும் சொல்ல முடியாது. டுபினா குடும்பத்தில் வளர்ந்த அகஸ்டின் ஹைதுஷெக் வழக்கறிஞராகி, 1880-களில் இந்தக் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நீதிபதியானார். செக் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் படித்தே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதால் சொந்த மக்களே அவரை எதிர்த்தார்கள். அதே மனிதர்தான் 'ஸ்வோபொதா' என்ற செக் பத்திரிகையையும் நடத்தினார். பிள்ளைகள் இரண்டிலும் தேற வேண்டும் என்று ஆசைப்பட்ட தகப்பன் நிலை அது. அயல் மண்ணில் பிள்ளை வளர்க்கும் எவருக்கும் அவர் மீது கோபம் வராது.

வர்ணக் கோயில்கள் என்கிறார்களே, அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

இதற்கு மட்டும் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும். வெளியே இருந்து பார்த்தால் பெரும்பாலானவை சாதாரண வெள்ளை மரக் கோயில்கள். கதவைத் திறந்தால் கூரையும் சுவரும் தூணும் முழுக்க நிறம். ஊரில் விட்டு வந்த பெரிய கோயில்களைப் போலக் கட்டப் பளிங்கும் பணமும் இல்லை, பருத்தி விவசாயிகளிடம் மரமும் வர்ணமும்தான் இருந்தன. அதனால் மரத்தூணில் பளிங்கின் நரம்புகளைத் தூரிகையால் இழுத்தார்கள். தொட்டுப் பார்த்தால்தான் மரம் என்று தெரியும்.

1906-இல் கட்டிய ஹை ஹில் கோயில் செங்கல். 1912-இல் ஃபெர்டினாண்ட் ஸ்டாக்கர்ட், ஹெர்மன் கெர்ன் என்ற இரண்டு ஓவியர்கள் அதன் உள்ளே வரைந்தார்கள். பிராஹா கோயில் 1895-இல் கட்டிய கல் கட்டடம். அதன் வளைந்த கூரையில் காட்ஃபிரீட் ஃப்ளூரி செடிகொடிகளை வரைந்திருக்கிறார். அம்மன்ஸ்வில் கோயில் ஒன்று புயலில் போனது, ஒன்று தீயில் போனது. 1919-இல் மூன்றாவதாகக் கட்டியதன் உட்புறம் இளஞ்சிவப்பு.

எனக்குப் பிடித்தது டுபினா. கூரை முழுக்க நீலம், அதில் தங்க நட்சத்திரங்கள். பழைய கோயிலை 1909 புயல் சாய்த்துவிட்டது. கோபுரத்தின் இரும்புச் சிலுவை மட்டும் தப்பி, புதிய கோயிலின் உச்சிக்கு ஏறியது. அந்தச் சிலுவையை அடித்தவர் டாம் லீ என்ற கறுப்பினக் கொல்லர், ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். இந்த மண்ணின் கதையில் செக்கும் ஜெர்மனும் மட்டும் இல்லை என்பதை அங்கே போகும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுகிறேன். 1950-களில் புதுப்பிக்கிறோம் என்று உள் ஓவியங்களின் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். 1980-களில் பங்கு மக்களே, அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களே சேர்ந்து, அடியில் இருந்த அச்சுக்கோலங்களைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப வரைந்தார்கள். நட்சத்திரங்களைப் பார்க்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான நாட்களில் பகலில் கோயில்கள் திறந்திருக்கும். வழிகாட்டி வேண்டுமென்றால் ஷூலன்பர்க் வர்த்தக சபையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். திருமணமோ அடக்கமோ நடந்தால் உள்ளே போகாதீர்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கும் கூட்டிப் போகிறீர்களாமே?

ஆமாம். பழைய கற்களில் செக், ஜெர்மன் எழுத்துகள், பீங்கானில் பதித்த முகங்கள். பிராஹாவில் இரண்டாம் உலகப் போரில் இறந்த இளைஞர்கள் ஒன்பது பேரின் நினைவிடம் இருக்கிறது. அவ்வளவு சின்னப் பங்கிலிருந்து ஒன்பது பேர். ஒவ்வொரு நவம்பரிலும் அவர்களுக்காகக் கூடுகிறார்கள்.

கொலாச்சி என்றால் என்ன?

மெத்தென்ற இனிப்பு மாவை உருட்டி, நடுவில் குழி செய்து, பழமோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுடும் பண்டம். ஆப்ரிகாட், உலர்ந்த பிளம், கசகசா, பாலாடைக்கட்டி ஆகிய நான்கும்தான் பழைய வகைகள். மேலே சர்க்கரையும் வெண்ணெயும் மாவும் பிசிறிய துகளைத் தூவுவார்கள். சாசேஜ் வைத்துச் சுற்றியது டெக்சாஸில் பின்னால் பிறந்தது. பேக்கரிக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். கசகசா வைத்ததுதான் முதலில் தீரும்.

பழைய பாட்டிமார் கொலாச்சி செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். மாவு கையில் ஒட்ட வேண்டும். ஒட்டாத அளவுக்கு மைதா சேர்த்துவிட்டால் மறுநாள் கல்லாகிவிடும் என்பார்கள். அளவுக் கரண்டி எடுப்பதே இல்லை. குழியை இரண்டு விரலால் அழுத்தும்போது ஓரத்தைத் தொடாமல் விடுவார்கள், அப்போதுதான் ஓரம் உப்பி வரும்.

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது?

உண்மையைச் சொன்னால் சிரமம்தான். நூடுல்ஸ் சூப் என்றால் கோழி. பீன்ஸிலும் புளிக்கவைத்த முட்டைக்கோஸிலும் பன்றி இறைச்சி கலந்திருக்கும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், அதனால் கேளுங்கள். உருளைக்கிழங்கு, ஊறுகாய், ரொட்டி, கொலாச்சி என்று தட்டு நிரம்பிவிடும். சுத்த அசைவப் பிரியர்களுக்கோ இது சொர்க்கம். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து சங்கம் வைத்து, வாரம் ஒருவர் முறை போட்டுக் கன்றுக்குட்டி கொடுத்து, கூறு போட்டுப் பகிர்ந்துகொள்வார்களாம். இறைச்சிக் கடைகளில் தூள் மசாலாவும் புகையும் போடும் கைப்பக்குவம் அந்தக் குடும்பங்களிலிருந்து வந்ததுதான்.

பங்குத் திருவிழாவுக்கு வெளியாட்கள் போகலாமா?

தாராளமாக. அழைப்பிதழ் எதுவும் கிடையாது. இங்கே அதை 'பிக்னிக்' என்பார்கள். கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஒரு பங்கில் நடக்கும். பிராஹாவின் திருவிழா மாதா விண்ணேற்பு நாளான ஆகஸ்ட் 15-இல். அது எந்தக் கிழமையில் வந்தாலும் நாளை மாற்ற மாட்டார்கள். வெளியூரில் இருப்பவர்கள் லீவு போட்டுவிட்டு வருவார்கள்.

காலையில் பூசை. அது முடியும்போது பந்தி தயார். வறுத்த கோழி, சாசேஜ், இறைச்சிக் குழம்பு, உருளைக்கிழங்கு. அப்புறம் ஏலம், பிங்கோ, கேக் பரிசு விளையாட்டு. மதியத்திலிருந்து போல்கா என்ற துள்ளல் நடன இசைக்குழு. எழுபது வயதுத் தம்பதிகள் நிற்காமல் ஆடுவார்கள், பேத்தி தாத்தாவின் ஷூ மேல் ஏறி நின்று ஆடக் கற்றுக்கொள்வாள்.

ஆனால் திருவிழாவின் உயிர் இருப்பது முந்தைய இரவில். குழம்புக்கு நெருப்பு விடியுமுன்பே மூட்ட வேண்டும். பெரிய இரும்புக் கொப்பரைகள், துடுப்பு மாதிரி மரக் கரண்டிகள், முறைபோட்டுக் கிளறும் ஆண்கள். அடிப்பிடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் கிளறுபவர் கண்ணை எடுக்க மாட்டார். எந்தக் கொப்பரையை யார் கிளறுவது என்பது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் பொறுப்பு. சமையலறையில் சனிக்கிழமையே உருளைக்கிழங்கு உரிக்கும் கூட்டம் உட்கார்ந்துவிடும். எனக்கு முதலில் கொடுத்த வேலை வெங்காயம் உரிப்பது. ஊர் மக்களின் பேர், உறவுமுறை, யாருக்கு யார் மேல் மனஸ்தாபம் எல்லாம் தெரிந்துகொண்டது அந்த மேசையில்தான்.

அப்படியானால் வெளியாட்களை ஏற்றுக்கொள்கிறார்களா?

மரியாதையாக நடத்துவார்கள், அதில் குறை இல்லை. நெருங்குவதற்குக் காலம் எடுக்கும். நாலு தலைமுறையாக ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் நடுவில் போய் நிற்கிறோம். விருந்தினராக வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்தாயிற்று. பாத்திரம் கழுவ, நாற்காலி மடக்க, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட ஆள் தேவைப்படும்போது வந்து நிற்பவரைத்தான் மறக்க மாட்டார்கள். தன்னார்வத் தீயணைப்புப் படை, பங்குச் சமையலறை, நூலகம் எதுவானாலும் சரி, ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். மதம் தடையாக இருந்து நான் பார்த்ததில்லை. பூசைக்குப் போகாதவர்களும் சமையலறைக்குப் போகலாம்.

இன்னொன்று, இன்றைய ஷூலன்பர்க்கில் மெக்சிகோ வேர்கள் உள்ள குடும்பங்களும் கறுப்பினக் குடும்பங்களும் கணிசமாக இருக்கின்றன. செக், ஜெர்மன் குடியேறிகளின் அக்கார்டியனும் போல்காவும் தெற்கு டெக்சாஸ் மெக்சிகோ இசையிலும் கலந்திருக்கின்றன. இங்கே உள்ள போல்கா இசை அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்த இசைக்குழுக்களின் வரலாறு தெரியும்.

பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்?

பருத்தி போய், மாடும் வைக்கோலும் வந்துவிட்டன. எண்ணெய், எரிவாயு வேலைகள் ஏறும், இறங்கும். ஷைனரில் 1909-இல் தொடங்கிய பியர் ஆலை இன்னும் அதே ஊரில் ஓடுகிறது. 1914-ஐ ஒட்டி பவேரியாவைச் சேர்ந்த காஸ்மோஸ் ஸ்போட்ஸல் கைக்கு வந்ததால் அவர் பெயரே நின்றுவிட்டது. அங்கேயே 1898-இல் ஒரு ஜெர்மானியர், மிச்சக் கம்பியை வளைத்துக் கூடை பின்னத் தொடங்கி, பெரிய கம்பித் தொழிற்சாலையாக வளர்த்தார். மற்றபடி பள்ளி, கவுன்டி அலுவலகம், கடைகள். வீட்டிலிருந்து கணினி வேலை பார்ப்பவர்கள் வீடு வாங்குமுன் இணைய வேகத்தைச் சோதித்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு?

நல்ல இடம். வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து, ஆடு மாடு வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது, திறந்த வெளி. லா கிரேஞ்சில் செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கும் கவுன்டிச் சந்தைக்கு வருடம் முழுக்க ஒரு பன்றிக்குட்டியையோ கன்றையோ வளர்க்கும் பிள்ளைகள் பொறுப்பைத் தானாகக் கற்றுக்கொள்கிறார்கள். பாட்டு, நடனம், தமிழ் வகுப்பு என்றால் மட்டும் ஹூஸ்டனுக்கு வண்டி ஓட்ட வேண்டும்.

கஷ்டங்கள் என்னென்ன?

நிபுணர் மருத்துவம் வேண்டுமென்றால் ஹூஸ்டனோ ஆஸ்டினோ போக வேண்டும். வயதான பெற்றோரை அழைத்துவர நினைப்பவர்கள் இதை முதலில் யோசியுங்கள். கார் இல்லாமல் வாழ முடியாது. நம் அரிசி, பருப்பு, கறிவேப்பிலைக்கு ஹூஸ்டன் புறநகர்தான். பியர்லேண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும் நாளில் மளிகையையும் முடித்துக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். கோடை வெயிலும் புழுக்கமும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. வெள்ளம்தான் பயம். 2017-இல் ஹார்வி புயலின்போது கொலராடோ ஆறு ஏறி லா கிரேஞ்சின் தாழ்வான தெருக்களை மூழ்கடித்தது. ஆற்றோரம் வீடு பார்க்கும்போது வெள்ள வரைபடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தப் பாரம்பரியம் இன்னும் எவ்வளவு காலம் நிற்கும்?

மொழி போய்விட்டது, அது திரும்பாது. இசைக்குழுக்களில் இளைஞர்கள் குறைவு. மூடிய மண்டபங்களும் உண்டு. ஆனால் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் காசும் உடலுழைப்பும் போடுகிறார்கள். லா கிரேஞ்சில் செக் பாரம்பரிய மையம் கட்டி, பழைய பண்ணை வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எனக்குக் கவலை அருங்காட்சியகங்களைப் பற்றி அல்ல, கொப்பரை கிளறும் கைகளைப் பற்றித்தான். ஹூஸ்டனில் குடியேறிய பேரன்கள் அந்த ஒரு இரவுக்காவது வருகிறார்களா என்று ஒவ்வொரு கோடையிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை வருகிறார்கள்.

ஒரு முறை வந்து பார்க்க எந்த மாதம் நல்லது?

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சாலையோரம் முழுக்க நீலப்பூ பூத்திருக்கும், வெயிலும் அதிகமில்லை. அந்த நேரத்தில் ரவுண்ட் டாப்பில் பழம்பொருள் சந்தை நடப்பதால் விடுதிகள் நிரம்பிவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள். திருவிழா பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட். தொப்பி, தண்ணீர், ஏலத்துக்குக் கொஞ்சம் ரொக்கம் கொண்டுவாருங்கள். முந்தைய நாளே வந்தால் சமையலறைக்கு அழைத்துப் போகிறேன்.